பழகாத கைக்கு ஓடாத வண்டி

"நான் ஓட்டினா மட்டும் நிக்குதுன்னா தப்பு என்மேலயாம்மா? நீயே சொல்லு."

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்? உங்கப்பாதானே சொன்னாரு. அவர்கிட்ட போய்க் கேளு."

"கேக்குறதுக்கு என்ன இருக்கு? மெக்கானிக்க வச்சுக்கிட்டே அப்பா சொல்லிட்டாரே, ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்னு. மெக்கானிக் சிரிக்கிறாரு, டயர் மாத்த வந்தவங்க ரெண்டு பேரு சிரிக்கிறாங்க. சாவிய அங்கேயே வீசிட்டு வந்திருப்பேன்."

"சரி விடு. அந்தக் காரைப் பத்திச் சொன்னா அவருக்குப் பொறுக்காது. பெத்த பிள்ளையைக் குறை சொன்னாக்கூட பேசாம கேட்டுக்குவாரு."

"நானும் பெத்த பிள்ளைதாம்மா!"

ஞாயிற்றுக்கிழமை காலை. என் மனைவியும் மகளும் முதல் மாடியில் சமையலறையில் இருந்தார்கள். நான் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே, கார் நிறுத்துமிடத்தில், பானெட்டைத் திறந்து வைத்து ஆயில் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கீழே நிற்பது இருவருக்குமே தெரியாது. குச்சியைத் துணியில் துடைத்து, உள்ளே விட்டு, எடுத்து, திரும்பத் துடைத்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நாலு தடவை பார்த்தேன்.

"மாசக் கடைசிக்குள்ள இன்னொரு தடவை லேட்டாப் போனா என் ஃபைல் மேலே போயிடும்மா. ஏற்கெனவே ரெண்டு ஆச்சு. மூணாவது ஆனா வேலை நிரந்தரம் ஆகாது. நான் அந்தக் காரை இனிமே தொட மாட்டேன். பஸ்ல போறேன்."

எனக்கு அங்கே வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியவில்லை. அண்ணாந்து கத்தினேன்.

"ஒரு வாரம்! இன்னும் ஒரே ஒரு வாரம் ஓட்டிப் பாரு!"

மேலே ஜன்னல் மூடிக்கொண்டது, படாரென்று.

நம் குழுவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பல பேர் இருக்கிறீர்கள். என் வண்டியைப் பற்றி உங்களில் பாதிப் பேருக்காவது தெரியும். வாங்கிப் பதினேழு வருடம் ஆகிறது. வாங்கும்போது மகளுக்கு ஏழு வயது. என் மனைவி அதை "உங்க பெரிய பிள்ளை" என்றுதான் சொல்வாள். "உங்க பெரிய பிள்ளை குளிச்சாச்சா?" என்றால் காரைக் கழுவியாச்சா என்று அர்த்தம். இங்கே யாராவது "பழசு ஒன்று விலைக்கு வருகிறது, எடுக்கலாமா?" என்று கேட்டால் முதல் பதில் என்னுடையதாகத்தான் இருக்கும். "பதினேழு வருடம். ஒரு நாளும் நடுவழியில் விட்டதில்லை. தைரியமாக எடுங்கள்." இதே வரியை முப்பது நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன்.

மகள் பிசியோதெரபிஸ்ட். வீட்டுக்கே ஆள் அனுப்பி வைத்தியம் பார்க்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம். காலையில் இரண்டு நோயாளிகள், மத்தியானம் ஒருவர். அந்த மத்தியான நோயாளி ஒரு தையல்காரர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அவர் மனைவி இரண்டே காலுக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும், பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அவரைத் தனியாக விட்டுவிட்டும் போக முடியாது. அதனால் மகள் சரியாக இரண்டு மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும். அந்த இரண்டு மணிதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் வெயில் ஏறியது. மத்தியானம் ஒன்றரை வாக்கில் போன் வரும். "அப்பா, வண்டி எடுக்க மாட்டேங்குது. சுத்துது, சுத்துது, பிடிக்கவே மாட்டேங்குது." நான் பேப்பர் குடோனில் ஸ்டாக் பார்க்கிறவன், லாரி வரும் நேரத்தில் விட்டுவிட்டு ஓட முடியாது. "கொஞ்ச நேரம் விட்டுட்டு அடி" என்பேன். அவள் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு வாடகைக் கார் பிடித்து ஓடுவாள். சாயங்காலம் நான் போய்ச் சாவியைத் திருப்புவேன். ஒரே திருப்பு. பூனைக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டு நிற்கும்.

இப்படி நாலு தடவை ஆயிற்று. அதில் இரண்டு தடவை அவள் லேட்.

ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து நான் சொன்னதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. "என் கைக்கு ஓடுது, உங்கம்மா கைக்கு ஓடுது. உனக்கு மட்டும் ஏன் ஓடலைன்னு யோசி" என்றேன். "மனசுல வெறுப்போட ஏறினா வண்டிக்கும் தெரியும்" என்றுகூட ஒரு நாள் சொன்னேன்.

"அப்போ அதுக்கும் ஒரு வைத்தியம் பாத்துடலாம்பா, மனநல டாக்டர்கிட்ட" என்றாள் அவள்.

எங்கள் மெக்கானிக் நல்ல வேலைக்காரர். நீளமான திருப்புளியின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அவரிடம் மூன்று தடவை கொண்டுபோனேன். மூன்று தடவையும் காலை எட்டு மணிக்கு, வேலைக்குப் போகிற வழியில். மூன்று தடவையும் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது.

"அண்ணே, இது வண்டி இல்ல, கல்லு. பேட்டரி நல்லாருக்கு, பிளக் நல்லாருக்கு, பெட்ரோல் வருது. நான் எதைத் திறக்கிறது?" என்றார். அங்கேதான் நான் அந்தப் பழமொழியைச் சொன்னேன். மகள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஜன்னல் மூடிய பிறகும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேலே போனேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நானே லீவு போட்டுட்டு உன்கூட வர்றேன். புதன்கிழமை. பக்கத்துல உக்காந்து நீ என்ன பண்றேன்னு பாக்குறேன்."

"என்ன பண்றேன்னா? பரீட்சை வைக்கப் போறீங்களா?"

"வச்சா என்ன? தப்பு இருந்தா திருத்திக்கலாம்ல."

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தாமல், "போயிட்டு வாங்க. ஆனா அங்க போய் வாத்தியார் வேலை பாக்காதீங்க. அது என் வேலை" என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

திங்களும் செவ்வாயும் குடோனில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு மணி ஆனால் போதும், போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். ரீல் எண்ணினால் கணக்கு விட்டுப்போகும், திரும்ப முதலிலிருந்து. இரண்டு மணி தாண்டி அவளிடமிருந்து எதுவும் வரவில்லை என்றால்தான் தண்ணீர் குடிப்பேன். இரண்டு நாளும் மேகமூட்டம். வண்டி ஒழுங்காக ஓடியது. "பாத்தியா?" என்று செவ்வாய் சாயங்காலம் கேட்டேன். அவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை பளீரென்று விடிந்தது.

காலை முழுவதும் அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். குறை சொல்லலாம் என்று காத்திருந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கியர் சரி, கிளட்ச் சரி. சொல்லப்போனால் என்னைவிட மெதுவாக, பொறுமையாக ஓட்டினாள். இரண்டாவது நோயாளி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். அங்கே வெளியாட்கள் வண்டியைத் திறந்த வெளியில்தான் நிறுத்த வேண்டும், மரம் கிடையாது, கூரை கிடையாது. அவள் மேலே போனாள். நான் காவலாளி அறை நிழலில் இரண்டு மணி நேரம் நின்றும் உட்கார்ந்தும் நடந்தும் பொழுதை ஓட்டினேன்.

ஒன்று இருபதுக்கு இறங்கி வந்தாள். தையல்காரர் வீடு அரை மணி தூரம். பத்து நிமிடம் கையில் மிச்சம்.

ஏறி உட்கார்ந்தாள், பெல்ட் போட்டாள், சாவியைத் திருப்பினாள். சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினாள். பிடிக்கவில்லை.

"இதாம்பா. இதான் நான் சொன்னது."

"ஆக்ஸிலேட்டர் மிதிக்கிறியா?"

"மிதிக்கல. கால் தனியா இருக்கு பாருங்க."

"நகரு. நான் பாக்குறேன்."

அவள் இறங்கினாள். "நான் வாடகைக் கார் கூப்பிடுறேன்பா."

"எதுக்கு? ரெண்டே நிமிஷம். நான் இருக்கேன்ல? இரு."

"அப்பா, எனக்கு இன்னைக்கு லேட் ஆகக் கூடாது."

"ஆகாது. நான் சொல்றேன்ல."

அவள் போனை எடுத்து என்னை நோக்கிப் பிடித்தாள்.

"என்ன பண்றே?"

"வீடியோ. மெக்கானிக் அண்ணாவுக்குக் காட்டணும். கல்லுன்னு சொன்னாரே, கல்லு எப்படி நிக்குதுன்னு பாக்கட்டும்."

வண்டி கிளம்பியது. கிளம்பத்தான் செய்தது. நான் கையை விரித்து அவளைப் பார்த்துச் சிரித்தேன். "பாத்தியா? ஒண்ணுமே பண்ணல. சாவியத் திருப்பினேன், அவ்வளவுதான்." அவள் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். மணியைப் பார்த்தேன். ஒன்று நாற்பத்தைந்து. எனக்கு அது புரியவே இல்லை. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான்தான் ஓட்டினேன். வேகமாகவே ஓட்டினேன். இரண்டு சிக்னலில் நிற்க வேண்டி வந்தது. இரண்டு இருபத்தொன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். தையல்காரரின் மனைவி தோளில் பையோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னம்மா இது? எனக்கும் ஒரு முதலாளி இருக்கான்ல?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "நீ நல்ல பொண்ணு, உன்மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா ஆபீசுக்கு நான் சொல்லித்தான் ஆகணும்" என்றபடி விறுவிறுவென்று போய்விட்டார்.

மகள் உள்ளே போகும்முன் திரும்பி, "அந்த வீடியோவ உங்களுக்கு அனுப்பியிருக்கேன். பாருங்க" என்றாள். அவ்வளவுதான்.

தெருவில் நின்று பார்த்தேன். வீடியோ பத்தொன்பது நிமிடம். என் முகத்தை நானே அப்படிப் பார்த்ததில்லை.

முதலில் நான் உட்காரவே இல்லை. நாலு கதவையும் திறக்கிறேன். டிக்கியையும் திறக்கிறேன். டிரைவர் பக்கக் கதவைப் பிடித்து விசிறி மாதிரி முன்னும் பின்னும் ஆட்டுகிறேன். பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து, குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக்கைத் துடைக்கிறேன். திரும்ப நனைக்கிறேன். திரும்பத் துடைக்கிறேன். ஏதோ தூசி துடைக்கிற மாதிரி. அப்புறம் கதவுகளைத் திறந்தபடி விட்டு, ரொம்ப நேரம் சும்மா நிற்கிறேன். அப்புறம் உட்கார்ந்து சாவியைப் பாதி மட்டும் திருப்பிக் காதைச் சாய்த்துக் கேட்கிறேன். திருப்பி அணைக்கிறேன். பாதி திருப்புகிறேன், கேட்கிறேன், அணைக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது தடவை. ஒன்பதாவது தடவை பின்னாலிருந்து 'உய்ங்' என்று மெல்லிய சத்தம் வருகிறது. அப்போதுதான் முழுசாகத் திருப்புகிறேன். கிளம்புகிறது. பிறகு கேமராவைப் பார்த்துச் சொல்கிறேன், "ஒண்ணுமே பண்ணல."

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இதில் ஒன்றைக்கூட நான் செய்ததாக எனக்கு நினைவில்லை. எத்தனை வருடமாகச் செய்கிறேன் என்றும் தெரியவில்லை. மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டிருக்கிறது. அந்தத் தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். வண்டிக்குள் உட்காரப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தாள்.

"இதுல என்னங்க இருக்கு?"

"என்ன இருக்கா? நல்லாப் பாரு."

"பாத்தேன். வெயில்ல நின்ன காரை எடுக்குறீங்க. அப்படித்தானே எடுப்பாங்க?"

"யாரு எடுப்பாங்க?"

"எல்லாரும்தான். நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க? கதவைத் திற, ஆற விடு, உய்ங்னு கேக்குற வரைக்கும் சாவியப் போட்டுப் போட்டு எடுன்னு. கார்னா அப்படித்தான்னு நெனச்சேன்."

அவள் கார் ஓட்டப் பழகியதே இந்த வண்டியில்தான், ஐந்து வருடம் முன்பு, என்னிடம். வேறு வண்டி ஓட்டியதில்லை. இல்லை, ஒரே ஒரு தடவை ஓட்டியிருக்கிறாளாம். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையின் புதுக் காரை வழியிலிருந்து நகர்த்தி வைக்கச் சொன்னார்களாம். இவள் போய் நாலு கதவையும் திறந்து விசிறியிருக்கிறாள். "அந்தம்மா ஓடி வந்து, என்ன டீச்சர், உள்ள பாம்பு பூந்துடுச்சான்னு கேட்டாங்க" என்றாள்.

மகள் மட்டும் டிரைவிங் ஸ்கூலில், வேறு வண்டியில் கற்றுக்கொண்டவள். அவளுக்கு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பத்தான் தெரியும். அதாவது, எங்கள் மூன்று பேரில் ஒழுங்காகக் கார் எடுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் வண்டியைப் பட்டறை வாசலில் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை வெயிலில் நிறுத்தினேன். மெக்கானிக்கையே ஏறி எடுக்கச் சொன்னேன். மற்றக் கதவுகளைத் தொட விடவில்லை. சுற்றியது, பிடிக்கவில்லை. அவர் வீடியோவையும் பார்த்தார். நான் கைக்குட்டை வைத்துத் துடைக்கிற இடம் வந்ததும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, நோய் இருக்கிற இடத்துலயே கரெக்டா பத்துப் போடுறீங்களே! அப்புறம் காலையில எட்டு மணிக்கு எங்கிட்ட கூட்டிட்டு வந்து, காய்ச்சலே இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு ரிலே இருந்தது. பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் விடுவது அதுதான்; பின்னாலிருந்து வரும் அந்த 'உய்ங்' பம்பு ஓடும் சத்தம். உள்ளே ஈயம் வைத்து ஒட்டிய இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். சூடானால் விலகும். ஆறினால் ஒட்டிக்கொள்ளும். புதிது மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"என் பொண்ணுமேல தப்பில்ல மாஸ்டர்" என்றேன்.

"அதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?" என்றார்.

வீட்டில் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். தப்பு என்னுடையது, அன்றைக்கு அந்த வாடகைக் காரைக் கூப்பிட விட்டிருந்தாலே போதும், நான்தான் தடுத்தேன் என்று. மகள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே கேட்டாள். "சரிப்பா" என்றாள். மேஜைமேல் ஆபீஸ் கடிதம் இருந்தது. நிரந்தரம் இப்போது இல்லை. இன்னும் மூன்று மாதம் பார்ப்பார்களாம். தையல்காரரை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மனிதர் கம்பியைப் பிடித்துப் பன்னிரண்டு விநாடி நின்றாராம், போன வாரம்தான். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் மாறியது.

இப்போது அவள் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். காலையில் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்புகிறாள். வண்டி கீழே நிற்கிறது. பத்து நாளாக ஒவ்வொரு மத்தியானமும் வெயிலில் வைத்துப் பார்க்கிறேன். கிளம்புகிறது. ஆனால் கதவைத் திறந்ததும் என் கை தானாக அடுத்த கதவுக்குப் போகிறது. பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. வேறு என்னென்ன செய்கிறேனோ, எனக்கே தெரியாமல்?

நேற்று அவளே கேட்டாள். "அடுத்த வாரத்துலருந்து மத்தியானத்துல புதுசா ஒருத்தரைக் குடுக்குறாங்கப்பா, ஊருக்கு அந்தப் பக்கம். பஸ் சரியா வராது. வண்டிய எடுக்கலாமா, வேண்டாமா? உண்மையச் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். "பதினேழு வருடம்" என்று நாக்கு நுனிவரை வந்தது. மூடிக்கொண்டேன். என் சொல்லை நம்பி அவள் ஒரு தடவை ஏறியாயிற்று. தெரியாது என்று சொன்னேன். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அதனால் கேட்கிறேன். இதே வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள். "எனக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை" என்று எழுத வேண்டாம், அதை நானே நிறைய எழுதியாகிவிட்டது. உங்கள் வண்டியை ஓட்டிப் பழகாத ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு கொடுங்கள். பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லிக் கொடுக்காதீர்கள். என்ன நடந்தது என்று அப்படியே எழுதுங்கள். நான் எழுதியதைப் பார்த்து வண்டி வாங்கியவர்கள் இருந்தால், அவர்களும் எழுதுங்கள், திட்டுவதானாலும் சரி. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அவள் கிளம்ப வேண்டும். அதற்குள் உங்கள் பதில்களை அவளிடமே காட்டிவிடுகிறேன். முடிவு அவளே எடுத்துக்கொள்ளட்டும்.